கிளீவும் சாங்ஷனும்



என்னிடம் ஓர் அஞ்சலட்டை இருக்கிறது. முப்பது ஆண்டுகளாகப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். அப்போது ஒரு நாளிதழில் இரவுப் பணியில் இருந்தேன். செய்தி நிறுவனத்திலிருந்து ஆங்கிலத்தில் வரும் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. ஒரு நாள் நள்ளிரவுக்குச் சற்று முன் விளையாட்டுச் செய்தி ஒன்று வந்தது. ஏதோ ஓர் அயல்நாட்டுக் கூட்டமைப்பு, இரண்டு வீரர்களை 'சாங்ஷன்' செய்திருக்கிறது என்றது முதல் வரி. அச்சுக்குப் போகும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. 'இரண்டு வீரர்களுக்குக் கூட்டமைப்பு ஒப்புதல்' என்று தலைப்புக் கொடுத்து அனுப்பிவிட்டேன்.

நான்காம் நாள் அந்த அஞ்சலட்டை வந்தது. எழுத்தின் அழகைப் பார்த்தாலே ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று தெரிந்தது. நீங்கள் ஒப்புதல் வழங்கிய இரு வீரர்களும் உண்மையில் தண்டிக்கப்பட்டவர்கள், அகராதியில் அந்தச் சொல்லுக்கு இன்னும் கீழே இறங்கிப் பாருங்கள் என்று நான்கே வரியில் எழுதியிருந்தார். நெஞ்சு அடைத்துப்போயிற்று. தவறு ஒரு சொல்லில்தான் நடந்தது. ஆனால் தண்டனை பெற்ற இருவரை நம் வாசகர்களுக்கு முன் பாராட்டுப் பெற்றவர்களாக நிறுத்திவிட்டேன்.

அகராதியில் கீழே இறங்கிப் பார்த்தேன். அன்றிலிருந்து, ஒரே வடிவில் இருந்துகொண்டு ஒன்றுக்கொன்று எதிரான பொருள்களைச் சுமக்கும் ஆங்கிலச் சொற்களைத் தேடிச் சேர்த்து வருகிறேன். அவற்றில் இரண்டை மட்டும் இன்று உங்கள் முன் வைக்கிறேன். ஒன்று சாங்ஷன். நம் வங்கிகளிலும் அரசு அலுவலகங்களிலும் நாள்தோறும் புழங்கும் சொல் என்பதால் அந்த வழக்கிலேயே சொல்கிறேன். மற்றொன்று கிளீவ். ஆங்கிலேயரே பேச்சில் இன்று அரிதாகப் பயன்படுத்தும் பழஞ்சொல். கிளீவ் என்றால் பிளப்பது. கிளீவ் என்றால் ஒட்டிக்கொள்வதும்கூட.

இந்த இரண்டையும் ஒரே வகை என்று அடுக்கிவிடுவது வழக்கம். எதிர்ப்பொருட் சொற்கள் என்று பட்டியல் போட்டு, வியந்து, அடுத்த வேலைக்குப் போய்விடுவோம். நானும் நெடுங்காலம் அப்படித்தான் வைத்திருந்தேன். அது தவறு. இந்த இரண்டு சொற்களும் நேர் எதிர்த் திசைகளிலிருந்து நடந்து வந்து ஒரே இடத்தில் நிற்பவை. கிளீவ் என்பது இரண்டு சொற்கள் சேர்ந்து ஒன்றானது. சாங்ஷன் என்பது ஒரு சொல் இரண்டாகப் பிரிந்தது.

கிளீவிலிருந்து தொடங்குகிறேன். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இவை இரு வினைகள். பிளப்பதற்கு கிளேயோவன். ஒட்டுவதற்கு கிளிவியன். வேரும் வேறு, உறவும் வேறு. பிளக்கும் சொல்லுக்குக் கிரேக்கத்தில் ஓர் உறவு உண்டு: செதுக்குவதைக் குறிக்கும் சொல். எகிப்தியச் சித்திர எழுத்தை ஹைரோகிளிஃப் என்கிறோமே, அதன் பின்பாதி அந்தச் செதுக்கல்தான். ஒட்டும் சொல்லின் உறவினர்கள் வேறு தெருவில் இருக்கிறார்கள். களிமண்ணைக் குறிக்கும் கிளே, பசையைக் குறிக்கும் குளூ ஆகியவை அவை. ஒன்று உளியின் குடும்பம், மற்றது பசையின் குடும்பம்.

பிறகு இடைக்கால ஆங்கிலத்தில் உயிரொலிகள் மாறின. விகுதிகள் தேய்ந்தன. தேயத் தேய இரண்டும் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கின, எழுத்திலும் ஒன்றாயின. இறந்தகால வடிவங்கள்கூட இடம் மாறிக் கலந்துவிட்டன. செருமானிய மொழியில் இந்த விபத்து நடக்கவில்லை. அங்கே இன்றும் கிளேபன் என்றால் ஒட்டு, கிளீபன் என்றால் பிள. பின்னது இப்போது பெரும்பாலும் வட்டார வழக்காகச் சுருங்கிவிட்டது என்றாலும் இரண்டும் தனித்தனியே உயிரோடிருக்கின்றன.

இந்தக் கலப்பை ஒரே நூலில் கண்ணால் பார்க்கலாம். 1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் ஆங்கில விவிலியத்தில் ஆதியாகமம் 22ஆம் அதிகாரத்தைத் திறந்துகொள்ளுங்கள். ஆபிரகாம் விடியற்காலையில் எழுந்து, மகனைப் பலியிடப் போகும் இடத்துக்கு வேண்டிய விறகைப் பிளக்கிறார். ஆங்கிலத்தில் அங்கே நிற்கும் வினை கிளேவ். இது கிளீவின் பழைய இறந்தகாலம். இப்போது ரூத்தின் கதையின் முதல் அதிகாரத்துக்கு வாருங்கள். கணவனை இழந்த மருமகள் ரூத், உன் வீட்டுக்குத் திரும்பிப் போ என்று மாமியார் நகோமி சொல்லியும் போக மறுத்து அவளைப் பற்றிக்கொள்கிறாள். அங்கேயும் அதே கிளேவ். கோடரி விறகில் செய்ததும் மருமகள் மாமியாரிடம் செய்ததும் எழுத்துக்கு எழுத்து ஒரே சொல்.

மூலமான எபிரேயத்தில் இந்தக் குழப்பம் இல்லை. விறகுக்கு பாகா, ரூத்துக்கு தாவக், இரண்டும் வேறு வேறு வினைகள். தமிழ் விவிலியத்திலும் குழப்பம் இல்லை. விறகைப் பிளக்கிறார், மாமியாரைப் பற்றிக்கொள்கிறாள். இதில் நம் மொழிபெயர்ப்பாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். ஆணும் மனைவியும் ஒன்றாவதைச் சொல்லும் ஆதியாகமம் இரண்டாம் அதிகாரத்திலும் எபிரேயத்தில் தாவக்தான், ஆங்கிலத்தில் கிளீவ்தான். தமிழில் அங்கே மட்டும் 'இசைந்திருப்பது' என்ற சொல் வருகிறது. துயரத்தில் ஒருத்தி இன்னொருத்தியைப் பற்றிக்கொள்வதும், கணவனும் மனைவியும் இசைந்திருப்பதும் ஒன்றல்ல என்று அறிந்தவர் செய்த வேலை அது. அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கைக்கு மனத்துக்குள் வணக்கம் சொல்வேன்.

இரண்டு சொற்கள் ஒன்றாகிவிட்டதைக் கவனிக்காமல் ஒரே சொல் என்று நம்பினால் எவ்வளவு பெரியவரும் வழுக்குவார். செருமானிய மொழியியலாளர் கார்ல் ஆபெல் 1884இல் ஒரு கருத்தைச் சொன்னார். ஆதிமனிதன் எதிரெதிரான இரண்டை ஒரே சொல்லால் குறித்தான், அதன் எச்சம் இன்றைய மொழிகளிலும் இருக்கிறது என்பது அவர் கருத்து. 1910இல் உளப்பகுப்பாய்வாளர் ஃப்ராய்டு அதைக் கையில் எடுத்தார். கனவில் ஒரு பொருள் தன் எதிரையே குறிக்கும் என்பது அவர் கண்டது. மொழியும் அப்படித்தான் தொடங்கியது என்று ஆபெல் சொன்னது அவருக்குப் பெரிய ஆதாரமாகத் தோன்றியது. ஆபெலிடமிருந்து அவர் எடுத்துக்காட்டிய இணைகளில் ஒன்று, ஒட்டுவதைக் குறிக்கும் செருமானிய கிளேபனும் பிளப்பதைக் குறிக்கும் ஆங்கில கிளீவும்.

1956இல் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வெனிஸ்த் இதைப் பிரித்துப் போட்டார். பிளக்கும் கிளீவுக்குச் செருமானியத்தில் உடன்பிறப்பு கிளேபன் அல்ல, கிளீபன் என்றார். அதாவது தப்பான வீட்டில் பெண் கேட்டிருக்கிறார்கள். ஃப்ராய்டின் கனவு ஆராய்ச்சி இதனால் விழுந்துவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கில்லை. ஆனால் சொல்லின் முகத்தைப் பார்த்து அதன் வரலாற்றை ஊகித்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் கண்டதில்லை.

பிளக்கும் கிளீவின் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எங்கும் இருக்கின்றன. கசாப்புக் கடையின் வெட்டுக்கத்தி கிளீவர். பூண்டுப் பல் கிளவ். நாம் பல் என்று பார்த்ததை அவர்கள் பிளவு என்று பார்த்திருக்கிறார்கள். கிராம்புக்கும் கிளவ் என்றுதான் பெயர், ஆனால் அது ஆணியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்தது, இதற்கு உறவில்லை. மாட்டின் குளம்பைச் சொல்ல குளோவன், மேலண்ணப் பிளவைச் சொல்ல கிளெஃப்ட்: இரண்டும் ஒரே வினையின் பழைய எச்சங்கள். ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்தால் ஆங்கிலக் காது ஒப்பாது.

சுரங்கத்துக்குப் போனால் கிளீவேஜ். காக்காப்பொன்னை நகத்தால் கிள்ளினால் ஏடு ஏடாக உரிகிறதே, அந்தக் குணத்துக்குப் பெயர் அது. நம்மில் மூத்தவர்கள் படித்த சிலேட்டுப் பலகையும் அப்படிப் படலமாகப் பிரியும் கல்தான். வைரத்துக்கும் அந்தத் தளங்கள் உண்டு. 1905இல் தென்னாப்பிரிக்காவில் கிடைத்த கல்லினன் வைரம் 3,106 காரட். 1908இல் ஆம்ஸ்டர்டாமில் வைரம் வெட்டும் கலைஞர் யோசப் அஸ்ஸர் அதைப் பிளந்தபோது, அறுத்துப் பிளக்கவில்லை. வைரத்தின் மேல் சிறு பள்ளம் கீறி, அதில் தகட்டை வைத்து, சரியான தளத்தில் ஓர் அடி கொடுத்தார். தளம் தவறினால் உலகின் மிகப் பெரிய வைரம் துகளாகியிருக்கும். பிளக்கும் கலைக்கு அவ்வளவு பார்வை வேண்டும்.

உயிரியலில்தான் எனக்கு மிகவும் பிடித்த இடம் இருக்கிறது. கருவுற்ற முட்டை இரண்டாக, நான்காக, எட்டாகப் பிரிவதையும் கிளீவேஜ் என்பார்கள். நம் பாடநூல் இதைப் பிளவிப்பெருகல் என்கிறது. அந்தப் பிரிவில் செல்கள் விலகிப் போவதில்லை. மொத்த அளவும் பெருகுவதில்லை. ஒரே உறைக்குள் ஒன்றோடொன்று ஒட்டியபடியே பிளக்கின்றன. பெயர் வைத்தவர்கள் பிளப்பதை மட்டும் நினைத்தே வைத்தார்கள். இருந்தாலும் தொலைந்துபோன மற்றச் சொல்லும் அங்கே வந்து உட்கார்ந்துகொண்டதுபோல எனக்குத் தோன்றும்.

தோட்டத்திலும் அப்படி ஓர் இடம் உண்டு. விருத்தாசலம் பக்கம் என் தாய்மாமா முந்திரிக்கு ஒட்டுக் கட்டுவதைச் சிறுவயதில் அருகில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வேர்ச்செடியின் தலையைச் சீவிவிட்டு, தண்டின் நடுவில் கத்தியை இறக்கி இரண்டு விரல் ஆழத்துக்குப் பிளப்பார். நல்ல மரத்திலிருந்து கொண்டுவந்த குச்சியின் அடியை இருபுறமும் ஆப்புபோலச் சீவுவார். சீவிய இடத்தில் விரல் படக்கூடாது என்பார். பிளவுக்குள் ஆப்பைச் செருகி, ஒரு பக்கத்துப் பட்டையாவது பட்டையோடு சேர்கிறதா என்று கண்ணருகே வைத்துப் பார்த்து, பிளாஸ்டிக் நாடாவை இறுக்கிச் சுற்றுவார். சில வாரங்களில் குச்சி தளிர்க்கும். ஆங்கிலத் தோட்டக்கலை நூலில் இந்த முறைக்கு கிளெஃப்ட் கிராஃப்ட் என்று பெயர் பார்த்தபோது, மாமாவின் கைதான் நினைவுக்கு வந்தது. அவர் கையில் பிளப்பதும் ஒட்டுவதும் ஒரே வேலை.

கிளீவைப் படிப்பவர் தடுமாற வேண்டியதில்லை. ஒட்டும் கிளீவுக்குப் பின்னால் 'டு' அல்லது 'அன்டு' என்ற முன்னிடைச்சொல் பெரும்பாலும் நிற்கும். பிளக்கும் கிளீவ் நேராகச் செயப்படுபொருளைப் பிடிக்கும். ஆங்கில அகராதிகளும் இதை இரண்டு தனித் தலைச்சொற்களாக எண்ணிட்டுக் கொடுக்கின்றன. இலக்கணம் காவல் நிற்பதால் இரண்டு சொற்கள் ஒரே சட்டையில் இத்தனை நூற்றாண்டு பிழைத்திருக்கின்றன.

சாங்ஷனுக்கு அந்தக் காவல் இல்லை. அதனால்தான் நான் விழுந்தேன்.

இதன் வேர் லத்தீனில் சான்கீரே. புனிதமாக்கி மீறக்கூடாததாக்குவது என்று பொருள். புனிதரைக் குறிக்கும் செயின்ட் என்ற சொல்லும் இதே வேர்தான். ரோமானியச் சட்டத்தில் சாங்ஷியோ என்பது சட்ட வாசகத்தின் கடைசிப் பகுதி: மீறினால் என்ன தண்டனை என்று சொல்லும் பகுதி. 533இல் பேரரசர் ஜஸ்டினியன் வெளியிட்ட சட்டப் பாடநூல் இதைச் சொல்லும் விதம் அழகானது. நகரத்தின் மதிலும் வாயிலும் ஏன் புனிதமானவை? அவற்றை மீறியவனுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டிருப்பதால். அதனால்தான் தண்டனை கூறும் சட்டப் பகுதிக்கும் சாங்ஷியோ என்று பெயர் என்கிறது அந்நூல். ரோமை எழுப்பிய ரோமுலசின் புது மதிலைத் தாண்டிக் குதித்த இரட்டைச் சகோதரன் ரீமஸ் கொல்லப்பட்ட கதை அவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே ஒரு கணம் நில்லுங்கள். காப்பதும் தண்டிப்பதும் இந்தச் சொல்லில் ஆதியிலேயே ஒன்றாக இருந்தன. நமக்கு இது புதிதல்ல. நாம் கூடியிருப்பதே ஓர் அறக்கட்டளையின் பெயரால். நம் கோயில் சுவர்களில் வெட்டிய கொடைக் கல்வெட்டுகளின் கடைசி வரிகளைப் பாருங்கள். கல்வெட்டறிஞர்கள் அதற்கு ஓம்படைக்கிளவி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த அறத்தைக் காப்பவன் பாதம் என் தலைமேல் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். அழிப்பவன் கங்கைக்கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்ற பொருளில் ஒரு வரி இருக்கும். கொடுத்ததை உறுதியாக்கும் வணக்கமும் மீறுபவனைத் தொடரும் சாபமும் ஒரே மூச்சில் வரும். ரோமானியரின் சாங்ஷியோவுக்குத் தமிழில் ஒரே ஒரு சொல் கேட்டால் நான் ஓம்படைக்கிளவி என்பேன்.

அந்த ஒரே முடிச்சு பின்னால் இரண்டு இழையாகப் பிரிந்தது. ஓர் இழை உறுதியாக்கும் பக்கம் போயிற்று. 1713 ஏப்ரல் 19 அன்று ஹாப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸ், ஆண் வாரிசு இல்லாவிட்டால் மகளும் தன் நாடுகளை ஆளலாம் என்று ஆணையிட்டார். அதற்கு பிராக்மாட்டிக் சாங்ஷன் என்று பெயர். அப்போது மகள் மரியா தெரசா பிறக்கவே இல்லை. 1740இல் அவர் பட்டத்துக்கு வந்தபோது, ஒப்புக்கொண்டிருந்த அரசர்களே படையெடுத்தார்கள். எட்டாண்டுப் போர் நடந்தது. அந்த ஆணையில் உறுதி இருந்தது, மீறுவோரைத் தண்டிக்கும் வலு இல்லை. சொல்லின் ஒரு பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ஆள முடியாது என்று இதைப் படிக்கும்போது எனக்குத் தோன்றும்.

மற்ற இழை தண்டனைப் பக்கம் இழுபட்டது. அது எப்படி இழுபட்டது என்பதை இரண்டு ஆங்கிலேயச் சட்டச் சிந்தனையாளர்களிடம் பார்க்கலாம். ஜெரமி பெந்தம் 1789இல் வெளியிட்ட நூலில் சாங்ஷனை நான்காக வகுத்தார்: இயற்கை தருவது, அரசு தருவது, ஊரார் தருவது, சமயம் தருவது. அவருக்கு இன்பமும் துன்பமும் இரண்டுமே சாங்ஷன். ஊர் மெச்சுவதும் சாங்ஷன், ஊர் தள்ளிவைப்பதும் சாங்ஷன். 1832இல் ஜான் ஆஸ்டின் வந்து இதை ஒடுக்கினார். சட்டம் என்பது ஆள்பவரின் கட்டளை, கீழ்ப்படியாதவனுக்கு வரும் தீங்குதான் சாங்ஷன், பரிசை அந்தப் பெயரால் அழைக்கக்கூடாது என்றார். இன்று சட்டக்கல்லூரியில் சாங்ஷன் என்றதும் மாணவர் தண்டனையை நினைக்கிறார் என்றால் அதில் ஆஸ்டினின் கை பெரிது.

பெயர்ச்சொல் அப்படிப் போக, வினைச்சொல் 18ஆம் நூற்றாண்டிலிருந்து 'ஒப்புதல் அளி' என்ற பொருளிலேயே நின்றது. தண்டிப்பது என்ற பொருளில் வினையாக அது பரவியது 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான். அதற்கு முந்தைய உந்துதல் பன்னாட்டு அரசியலிலிருந்து வந்தது. 1935 அக்டோபரில் இத்தாலியை ஆண்ட முசோலினியின் படை எத்தியோப்பியாவில் நுழைந்தது. நாடுகளின் சங்கம் நவம்பர் 18 முதல் இத்தாலிமீது சாங்ஷன்களை அமல்படுத்தியது. எண்ணெயை அதில் சேர்க்கவில்லை. படையை ஓட்டுவதே எண்ணெய்தான். 1936 ஜூலையில் எல்லாவற்றையும் விலக்கிக்கொண்டார்கள், எத்தியோப்பியா வீழ்ந்த பிறகு. 1945இல் எழுதிய ஐ.நா. சாசனத்தின் 41ஆவது உறுப்பு இதே கருவியைத்தான் விவரிக்கிறது, ஆனால் சாங்ஷன் என்ற சொல்லே அதில் இல்லை. 'நடவடிக்கைகள்' என்று பொதுவாகச் சொல்லி நிறுத்துகிறது. எல்லோரும் பேசும் பெயர் மட்டும் பழையதாகவே இருக்கிறது.

தமிழ் நாளிதழ்கள் இதைப் பொருளாதாரத் தடை என்கின்றன. வாசகருக்கு உடனே புரியும் சொல். ஆனாலும் அதில் எனக்கு ஒரு குறை உண்டு. தடை என்பது நிறுத்துவதை மட்டும் சொல்கிறது. சாங்ஷன், நீ ஒரு விதியை மீறினாய், அதற்காக இது, என்று காரணத்தையும் உள்ளே வைத்திருக்கிறது. மழைக்குக்கூட ஆட்டம் தடைபடும். தண்டனை அப்படி வருவதில்லை. எனவே நான் எழுதும்போது முதல் வரியிலேயே எந்த மீறலுக்காக என்று சேர்த்துவிடுவேன், அந்தப் பொறுப்பைச் சொல்லிடம் விடுவதில்லை.

நம் அலுவலகங்களில் இந்தச் சொல் மற்ற இழையைப் பிடித்துக்கொண்டு வாழ்கிறது. வங்கியில் 'லோன் சாங்ஷன் ஆயிடுச்சா' என்று கேட்பவர் முகத்தில் எதிர்பார்ப்பு இருக்கும். அரசாணைகளில் இதற்கு 'நிதி ஒப்பளிப்பு' என்ற நல்ல தமிழ் நிலைத்துவிட்டது. ஒப்பு, அளிப்பு என்ற இரண்டும் கூடி, பணமும் இசைவும் ஒருங்கே கைமாறுவதைச் சொல்கிறது.

ஆனால் அதே அலுவலகத்தின் அதே தாழ்வாரத்தில் வேறொருவரும் சாங்ஷனுக்காகக் காத்திருக்கலாம். அரசு ஊழியர்மீது பணி தொடர்பாக வழக்குத் தொடர, அரசின் முன் ஒப்புதல் வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பழைய 197ஆவது பிரிவு, இப்போது 2023இன் புதிய சட்டத்தில் 218ஆவது பிரிவு. 1988ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டத்தில் 19ஆவது பிரிவு. அந்த ஒப்புதலின் பெயரும் சாங்ஷன். வீட்டுக்கடன் கேட்டவருக்கு அது வந்தால் வீடு எழும். குற்றம் சாட்டப்பட்ட அதிகாரிக்கு அது வந்தால் கூண்டு. தண்டனைக்குக் கதவு திறக்கும் ஒப்புதல் அது. ஒரே முடிச்சிலிருந்து பிரிந்த இரு இழைகளும் அந்தக் கோப்பில் மறுபடியும் முடிச்சிட்டுக் கொள்கின்றன.

நம் மொழியில் இதற்கு இணை தேடினால் தண்டம் கிடைக்கிறது. முதற்பொருள் கோல். அரசன் கையில் அது தண்டனை ஆயிற்று. கோல்போல நெடுஞ்சாண்கிடையாக விழுந்து வணங்குவதை வைணவர்கள் தண்டன் சமர்ப்பித்தல் என்கிறார்கள். ஒரே கோல் ஒருவனை அடித்தது, ஒருவனை விழுந்து வணங்கவும் வைத்தது. இதுவும் சாங்ஷன் போன்ற பிரிவு, கிளீவ் போன்ற சேர்க்கை அல்ல.

இந்த வேறுபாடு வெறும் வரலாற்று ஆர்வம் அல்ல என்பதை மாணவர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். மொழிபெயர்ப்பவரின் மேசையில் இரண்டுக்கும் வேறு வேறு கேள்வி கேட்க வேண்டியிருக்கிறது. கிளீவ் வந்தால் இலக்கணத்தைப் பார்த்தால் போதும்: பின்னால் 'டு' இருக்கிறதா, இல்லையா. சாங்ஷன் வந்தால் இலக்கணம் கைகொடுக்காது. யார் யாருக்குச் செய்தது, எந்தத் துறை, எந்த ஆண்டு என்று கேட்க வேண்டும். பன்மையில் வந்தால் பெரும்பாலும் தண்டனை. ஒருமையில் நிதியோடு வந்தால் ஒப்பளிப்பு. ஒரு குழு ஓர் ஆளைச் சாங்ஷன் செய்தால் தண்டனை, ஒரு செயலைச் செய்தால் ஒப்புதல். நான் அந்த இரவில் விழுந்தது இந்தக் கடைசி இடத்தில்தான். செயப்படுபொருள் வீரர்கள், மனிதர்கள். அதைப் பார்த்திருந்தால் போதும். செய்தியின் மூன்றாம் பத்தியில் எத்தனை ஆட்டங்களுக்கு என்ற எண்ணும் இருந்தது. அதுவரை படிக்காமல் தலைப்பு எழுதியது என் குற்றம்.

அந்த ஆசிரியருக்கு மறுநாளே நன்றி எழுதினேன். பத்து நாள் கழித்து இன்னோர் அட்டை வந்தது. அதில் கடிதம் இல்லை. கிளீவ் என்ற ஒரு சொல்லை மட்டும் ஆங்கிலத்தில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தார்.